மேல்மாடிப் போர்ஷன் அனுமதி பெற்றதுதானா? வாடகைக்கு வருகிறவர் எப்படித் தெரிந்துகொள்வது

கேள்வி இதுதான். சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை கிடைத்துக் கடலூருக்கு வருகிற ஒருவர், செம்மண்டலம் பக்கம் ஒரு வீட்டின் இரண்டாம் மாடியில் இரண்டு அறைப் போர்ஷன் பார்த்திருக்கிறார். வாடகை 7,500, முன்பணம் 75,000. டோக்கனாக 5,000 கொடுத்தாயிற்று. தனி ஈ.பி. இணைப்பு இல்லை, சப் மீட்டர்தான். வீட்டுக்காரர் ‘இது டி.டி.சி.பி. அப்ரூவல் வாங்கின வீடு சார்’ என்கிறார். வீடு சட்டப்படி கட்டியதுதானா என்று வாடகைக்கு வருகிறவர் எப்படித் தெரிந்துகொள்வது, கேட்டால் கோபித்துக்கொள்வாரோ என்கிறார்.

கோபித்துக்கொள்ளத்தான் செய்வார். எப்படிக் கேட்கிறோம் என்பதில் பாதி அடங்கியிருக்கிறது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

நான் இந்த ஊரில் வீடுகளுக்கு பிளான் போட்டு, கடலூர் நகராட்சியாக இருந்தபோதும் 2021இல் மாநகராட்சி ஆன பிறகும் அனுமதிக்கு அலைந்து கொடுத்தவன். இரண்டு வீடு என்று நான் வரைந்து கொடுத்த மனையில் ஐந்து கதவு நிற்பதை வண்டியில் போகும்போது பார்த்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு போனதும் உண்டு. அதனால் இதில் எனக்கும் கொஞ்சம் பங்கு இருக்கிறது என்ற நினைப்போடுதான் எழுதுகிறேன்.

‘இந்தப் போர்ஷன் சட்டப்படியானது’ என்று தனியாக ஒரு சான்றிதழ் எந்த அலுவலகத்திலும் கொடுப்பதில்லை. கட்டடத்துக்குத்தான் அனுமதி: இத்தனை தளம், இத்தனை வீடு, இத்தனை சதுர அடி, சுற்றிலும் இவ்வளவு இடம் விட வேண்டும் என்று. உங்கள் போர்ஷன் அந்தக் கணக்குக்குள் வருகிறதா இல்லையா என்பதுதான் விஷயம். பிளானில் எத்தனை வீடு, வரியில் எத்தனை, மீட்டர் எத்தனை, கண்ணுக்குத் தெரிகிற கதவு எத்தனை. நாலும் ஒத்துப்போனால் பெரும்பாலும் பயமில்லை. கதவு மட்டும் அதிகமாக இருந்தால் எங்கேயோ இடிக்கிறது.

முதலில் அந்த ‘டி.டி.சி.பி. அப்ரூவல்’. நம் பக்கத்தில் இந்தச் சொல் வீட்டு மனை விளம்பரத்தோடு ஊரெல்லாம் பரவிவிட்டது. பெரும்பாலும் அது மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்பு இயக்ககம் கொடுத்த ஒப்புதல். சாலை இத்தனை அடி, பூங்காவுக்கு இவ்வளவு என்று பார்த்து வெறும் மனைக்குக் கொடுத்தது. அதன் மேல் பிறகு எழுப்பின சுவரைப் பற்றி அந்தக் காகிதத்தில் ஒரு வார்த்தையும் இருக்காது. இன்னொன்றும் காட்டுவார்கள்: 2016 அக்டோபர் 20க்கு முன் விற்ற அனுமதியில்லாத மனைகளை வரன்முறைப்படுத்த 2017இல் விதி வந்ததே, அதன்படி வாங்கின சான்று. அதுவும் மனைக்குத்தான். ‘வீடே ரெகுலரைஸ் ஆயிடுச்சு’ என்று சொல்கிறவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்ல மாட்டேன். பாதிப் பேருக்கு உண்மையிலேயே இந்த வித்தியாசம் தெரியாது.

வீட்டுக்கு வேண்டியது கட்டட அனுமதி. 1971ஆம் வருட நகர் ஊரமைப்புச் சட்டமும், 2019இல் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளும் இதற்கு அடிப்படை. சின்ன வீடுகளுக்கு மாநகராட்சியோ ஊராட்சியோ கொடுத்துவிடும், பெரிய அடுக்குமாடிகள் நகர் ஊரமைப்பு அலுவலகம் வரை போகும். 2024 ஜூலையில் இருந்து, 2,500 சதுர அடி வரை உள்ள மனையில் தரைத்தளமும் முதல் தளமுமாக 3,500 சதுர அடிக்குள் கட்டுகிற வீட்டுக்குச் சுயசான்று முறையில், அதாவது விதிப்படி கட்டுகிறேன் என்று சொந்தக்காரரே உறுதி கொடுத்து, ஆன்லைனிலேயே உடனடி அனுமதி கிடைக்கிறது. உங்களுக்கு இதிலேயே ஒரு துப்பு இருக்கிறது. புது வீடு, சுயசான்று அனுமதி என்று அவர் ஒரு தாளைக் காட்டினால், எந்தெந்தத் தளத்துக்கு என்று பாருங்கள். தரைத்தளமும் முதல் தளமும் மட்டும் என்றால் இரண்டாம் மாடிப் போர்ஷன் அந்தத் தாளுக்குள் இல்லை.

வீடு ரொம்பப் பழசு என்றால் கதை வேறு. முதுநகர்ப் பக்கத்துப் பழைய ஓட்டு வீடுகளுக்கெல்லாம் பிளான் கேட்டால் எங்கே போவார்கள்? பிளான் இல்லாததாலேயே அது திருட்டுக் கட்டடம் ஆகிவிடாது. அதே பழைய வீட்டின் தலைமேல் பத்து வருடத்துக்கு முன் போட்ட மாடிக்குத்தான் அனுமதி இருந்ததா என்று கேட்க வேண்டும்.

சரி, அனுமதி பெற்ற வரைபடம் கையில் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பெரிய தாள், மடித்து மடித்துக் கிழிந்திருக்கும். முதலில் சீல், அனுமதி எண், தேதி. சீல் இல்லாத பிளான் வெறும் படம், அதை நான் கூட ஒரு மணி நேரத்தில் பிரிண்ட் எடுத்துத் தந்துவிடுவேன். அடுத்து தலைப்பைப் படியுங்கள், எந்தெந்தத் தளத்துக்கு என்று அதிலேயே எழுதியிருக்கும். ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு படம் இருக்கும், கடைசியாக மொட்டை மாடிக்கு ஒன்று. அந்தக் கடைசிப் படத்தில் படிக்கட்டுக் கூண்டும் தண்ணீர்த் தொட்டியும் மட்டும் இருந்து, நீங்கள் நிற்கிற இடத்தில் ஹாலும் பெட்ரூமும் இருந்தால் மேற்கொண்டு பார்க்க ஒன்றுமில்லை.

தளக் கணக்கு சரியாக இருந்தால் சமையலறையை எண்ணுங்கள். இது எங்கள் தொழிலில் சொல்கிற விஷயம். ஒரு தளத்தில் எத்தனை கிச்சன் வரைந்திருக்கிறதோ அத்தனை வீடு. முதல் தளத்தில் ஒரே ஒரு கிச்சன், ஆனால் நேரில் மூன்று குடும்பம் சமைக்கிறது என்றால், பிளானில் ‘ஸ்டோர்’ என்றும் ‘ஸ்டடி’ என்றும் எழுதியிருக்கிற அறைகளில்தான் அடுப்பு எரிகிறது. ‘கிச்சன்னு எழுதாதீங்க சார், ஸ்டோர்னு போட்டுடுங்க’ என்று என்னிடமே எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். போட்டும் கொடுத்திருக்கிறேன்.

நிறைவுச் சான்று இருக்கிறதா என்று கேட்கச் சொல்வார்கள். அடுக்குமாடி என்றால் கட்டாயம் கேளுங்கள். பிளான்படி கட்டி முடித்திருக்கிறது என்று அனுமதி கொடுத்தவர்களே வந்து பார்த்துத் தருகிற சான்று அது. 2024 டிசம்பர் 17ஆம் தேதி, மீரட் நகரத்துக் கட்டடம் ஒன்றைப் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்கும் சேர்த்துச் சில உத்தரவுகள் போட்டது. நிறைவுச் சான்று பார்த்த பிறகே மின்சாரம், தண்ணீர், கழிவுநீர் இணைப்பு, வங்கிக் கடன் எல்லாம் என்பது அதில் முக்கியமானது. ஆனால் சின்னக் குடியிருப்புகளுக்கு நம் மாநில விதிகளிலேயே இந்தச் சான்றில் இருந்து விலக்கு இருந்து வந்திருக்கிறது. இரண்டு வீடு கொண்ட மாடி வீட்டுக்காரரிடம் போய் இதைக் கேட்டால் விழிப்பார். அந்த விழிப்பை வைத்து அவரைச் சந்தேகப்படாதீர்கள்.

500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் எட்டு வீட்டுக்கு மேல் கட்டின புது அடுக்குமாடி என்றால் வேலை சுலபம். 2016ஆம் வருட ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டப்படி அது பதிவாகியிருக்க வேண்டும். தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் திட்டத்தின் பெயரைப் போட்டால் எத்தனை தளம், எத்தனை ஃபிளாட் என்பது வந்துவிடும். அதில் இல்லாத ஃபிளாட் எண்ணை உங்களுக்கு வாடகைக்குக் காட்டினால், பெரும்பாலும் அது வாட்ச்மேன் அறையோ, அடைத்த பார்க்கிங்கோதான்.

இப்போது பிளானே காட்டாத வீட்டை எப்படிப் படிப்பது என்று சொல்கிறேன். நிஜத்தில் பத்துக்கு எட்டு இடத்தில் இதுதான் நிலைமை.

என் தங்கை மகனுக்கு மஞ்சக்குப்பத்தில் ஒரு போர்ஷன் பார்க்கப் போயிருந்தேன். “ஓனரம்மா ரொம்ப நல்ல மாதிரி மாமா, முன்பணம்கூட குறைச்சுக்கறேன்னாங்க” என்றான். நான் வீட்டுக்குள் போகாமல் படிக்கட்டுக்குக் கீழே நின்றேன். மீட்டர் பலகையில் மூன்று மீட்டர். தெருவில் இருந்து எண்ணினால் ஐந்து கதவு. மூன்றாவது மீட்டருக்குக் கீழே இருந்து ஒரு கறுப்பு ஒயர், இன்சுலேஷன் டேப் சுற்றி, படிக்கட்டு வெண்டிலேட்டர் வழியாக மேலே ஏறிப் போயிற்று. அதைப் பிடித்துக்கொண்டே நானும் ஏறினேன். மேலே சப் மீட்டர் ஒன்று, மரப்பெட்டிக்குள். கீழ்த்தளங்கள் இரண்டும் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், எங்கேயும் பில்லர் கிடையாது. மேலே மட்டும் ஹாலோ பிளாக். கூரையும் கீழ் வீட்டைவிட ஒரு அடி தாழ்வு, கை தூக்கினால் ஃபேன் இடிக்கும் போல இருந்தது. டாய்லெட் குழாயைத் தேடினேன். கைப்பிடிச் சுவரை ஒட்டிச் சாய்வாக வந்து, மழைத் தண்ணீர் இறங்குகிற குழாயில் சேர்த்திருந்தார்கள். அந்தக் குழாய் தெருச் சாக்கடையில் முடிகிறது.

“என்ன சார், பொண்ணு பாக்க வந்த மாதிரி சுத்திச் சுத்திப் பாக்குறீங்க” என்றார் அந்த அம்மா.

“வயசாச்சும்மா, மாடி ஏற முடியுதான்னு பாக்குறேன்” என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். ஒரு தாளும் வாங்கிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

மீட்டருக்கு மேலே செருகி வைத்திருக்கும் வெள்ளை அட்டையை அன்றைக்கு எடுத்துப் பார்த்தேன், நீங்களும் பாருங்கள். யார் பெயர், இணைப்பு எண், கட்டண வகை மூன்றும் இருக்கும். வீட்டு இணைப்பு 1ஏ. அஞ்சாம் நம்பர் என்றால் கடைக்கான கட்டணம். ஆறாம் நம்பர் என்றால் தற்காலிக இணைப்பு, அதாவது ஈ.பி. கணக்கில் அங்கே இன்னும் கட்டட வேலை நடந்துகொண்டிருக்கிறது. குடியிருக்கிற வீட்டில் ஆறாம் நம்பர் இருந்தால் ஏன் மாற்ற முடியவில்லை என்று கேளுங்கள், பதிலில் நிறையத் தெரியும்.

சப் மீட்டரால் சட்டச் சிக்கல் வருகிறதோ இல்லையோ, பணம் போவது நிச்சயம். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது ஒரு இணைப்புக்கு ஒரு தடவைதான். மூன்று குடும்பம் ஆளுக்கு 180 யூனிட் எரித்தால், தனித்தனி இணைப்பில் ஆளுக்கு 80 யூனிட்டுக்குக் காசு கட்டினால் போதும். மூன்றும் ஒரே இணைப்பில் சேர்ந்தால் 540. 500 தாண்டினதும் வீதப் பட்டியலே மாறிவிடும். அதற்கு மேல் வீட்டுக்காரர் ‘யூனிட்டுக்கு பத்து ரூபாய்’ என்று தன் கணக்கில் ஒரு வீதம் வைத்திருப்பார். தனி இணைப்பு ஏன் வாங்கவில்லை என்று கேட்டால் ‘ஈ.பி.யில லேட் பண்றாங்க’ என்பார்கள். ஒரு வருடமாக லேட் என்றால், கேட்கிற தாள் அவரிடம் இல்லை என்று அர்த்தம் பண்ணிக்கொள்ளலாம்.

சொத்து வரி ரசீதைக் காட்டி ‘பாருங்க, கவர்மென்ட்டே வரி வாங்குது’ என்பது அடுத்த வழக்கமான பதில். வரி வாங்குவது வேறு, அனுமதி கொடுப்பது வேறு. அனுமதி இல்லாத கட்டடத்துக்கும் வரி போடுவார்கள். ஆனாலும் ரசீது உதவாது என்று தள்ளிவிடாதீர்கள். வரி விதிப்பு எண்ணும் கதவு எண்ணும் அதில் இருக்கும். உங்கள் போர்ஷனுக்கு என்று சொல்கிற கதவு எண் அதில் இருக்கிறதா, அல்லது 14 என்ற கதவு எண்ணுக்குப் பக்கத்தில் வீட்டுக்காரர் தானாகவே பெயின்ட்டில் ‘ஏ’ போட்டுக்கொண்டாரா என்று பார்க்கலாம். மூன்று தளமும் வரியில் ஏறியிருக்கிறதா என்றும் கேட்கலாம். வரிக்கே சொல்லாத தளத்துக்கு அனுமதி வாங்கியிருக்க மாட்டார்.

கேட்கிற விதத்துக்கு வருகிறேன். ‘உங்க வீடு அப்ரூவல் உள்ளதா’ என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். கேஸ் இணைப்பு மாற்ற வேண்டும், ஆதாரில் முகவரி மாற்ற வேண்டும், ஆபீஸில் வாடகை ஒப்பந்தம் கேட்கிறார்கள், அதனால் வரி ரசீது நகலும் ஈ.பி. அட்டை நகலும் கொடுங்கள் அண்ணே என்று கேளுங்கள். பொய்யும் இல்லை, இதெல்லாம் எப்படியும் உங்களுக்கு வேண்டியதுதான். யார் பெயரில் வீடு இருக்கிறது என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். பெயர் வேறாக இருந்தால் வாடகை வாங்குகிறவர் மகனா, மருமகனா, பவர் வாங்கினவரா என்று விசாரிக்கலாம். அப்புறம் அட்வான்ஸ் எழுதும்போது சாதாரணமாக, ‘பிளான் ஒரு காப்பி இருந்தா பாக்கலாமா’ என்று கேளுங்கள். முறையாகக் கட்டினவர் பீரோவில் இருந்து எடுத்துவந்து, எவ்வளவு செலவாயிற்று என்று அரை மணி நேரம் பேசுவார்.

யாரையும் கேட்காமல் வீட்டில் உட்கார்ந்தே பார்க்கக்கூடியது நிலத்தின் கதை. சர்வே எண் தெரிந்தால் பட்டாவையும் அ-பதிவேட்டையும் அரசு இணையதளத்தில் பார்க்கலாம். வகைப்பாடு என்ற இடத்தில் வாய்க்கால், ஓடை, ஏரி என்று ஏதாவது இருந்தால் அந்த வீட்டை விட்டுவிடுங்கள், மேலே எத்தனை சீல் இருந்தாலும். நீர்நிலை ஆக்கிரமிப்பில் இருக்கிற கட்டடத்துக்கு எப்போது வேண்டுமானாலும் நோட்டீஸ் வரும், கோர்ட்டில் போய் நிற்கவும் முடியாது. கோயில் மனை என்றால் கட்டடம் அவருடையதாக இருந்தாலும் நிலம் கோயிலுடையது. வாடகைக்கு இருக்கிறவருக்கு அதில் அவ்வளவு ஆபத்து இல்லை, ஒத்திக்குப் போகிறவர் யோசிக்க வேண்டும். வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். பத்திரத்தை வங்கியில் வைத்துக் கடன் வாங்கியிருந்தால், பத்திரம் ஒப்படைத்ததற்கான குறிப்பாணை பதிவாகியிருக்கிற பட்சத்தில் அதில் தெரியும்.

மாநகராட்சியிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிப் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனு, 30 நாளில் பதில் தர வேண்டும். மனுவில் பிளான் நகல் கேட்டுவிடாதீர்கள். மூன்றாம் நபர் தகவல் என்று சொல்லி வீட்டுக்காரருக்குக் கடிதம் போகலாம், மறுநாளே உங்களுக்கு போன் வரும். கணக்கை மட்டும் கேளுங்கள்: இன்ன தெரு, இன்ன கதவு எண்ணுள்ள கட்டடத்துக்கு எந்த எண், எந்த நாளில் கட்டட அனுமதி கொடுக்கப்பட்டது, எத்தனை தளங்களுக்கு, எத்தனை குடியிருப்புகளுக்கு. அவ்வளவுதான். வாடகைக்கு வீடு தேடுகிறவருக்கு ஒரு மாதம் காத்திருக்க முடியாது என்பது தெரியும். ஒத்திக்கு ஆறு லட்சம், எட்டு லட்சம் கொடுக்கப் போகிறவர் காத்திருக்கலாம், காத்திருக்கத்தான் வேண்டும்.

சில வீடுகளில் 113-சி என்று ஒரு விண்ணப்பத்தைக் காட்டுவார்கள். 2007 ஜூலை 1க்கு முன் கட்டி முடித்த விதிமீறல் கட்டடங்களை வரன்முறைப்படுத்த இருக்கிற சட்டப் பிரிவு அது. விண்ணப்பம் போட்டதற்கும் உத்தரவு வாங்கினதற்கும் இடையில் ஒரு ஆயுளே போய்விடும். உத்தரவைப் பார்த்தால்தான் கணக்கு.

இவ்வளவும் சொன்ன பிறகு என் சொந்த அபிப்பிராயம் ஒன்று. கறாராக அளந்தால் கடலூரில் பிளானை மீறாத மாடி வீடுகள் குறைவுதான். பக்கச் சந்தில் ஒரு அடி குறைந்தது, பால்கனியை அடைத்து அறை ஆக்கினது, இதற்கெல்லாம் வீட்டை வேண்டாம் என்றால் உங்களுக்கு வீடே கிடைக்காது. அது வீட்டுக்காரர் பாடு. உயிருக்கு உலை வைக்கிற மீறல்கள் சில உண்டு, அங்கே மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம் என்பேன்.

ஒன்று, பில்லர் இல்லாத சுவர் வீட்டின் மேல் பிறகு ஏற்றின தளம். அஸ்திவாரம் எந்தப் பாரத்துக்குப் போட்டது என்பது கட்டின மேஸ்திரிக்குத்தான் தெரியும், அவரும் இப்போது இருக்க மாட்டார். மொட்டை மாடியில் இரும்புக் குழாய் நட்டுத் தகரமோ ஷீட்டோ போட்ட அறைகளும் இந்த வகைதான். 2011 டிசம்பர் 30ஆம் தேதி காலையில் தானே புயல் கரையைக் கடந்தபோது இந்த ஊரில் இருந்தவர்களுக்கு அதைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. ஷீட்டு ஒரு தெரு தள்ளிக் கிடந்தது.

இன்னொன்று அடைத்த பார்க்கிங். தூண்களுக்கு நடுவே வண்டி நிறுத்த விட்ட இடத்தை ஹாலோ பிளாக்கால் அடைத்து ஒரு வீடு பண்ணியிருப்பார்கள். வாடகை குறைவாக இருக்கும், மாடி ஏற வேண்டாம், பெற்றோரோடு வருகிறவர்களுக்கு ஆசையாகத்தான் இருக்கும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலுக்குப் பின் தென்பெண்ணையில் வெள்ளம் வந்தபோது நாணமேடு, குண்டு உப்பலவாடி, கண்டக்காடு எல்லாம் தண்ணீரில் நின்றது. அந்தப் பக்கமோ கெடிலம் கரையை ஒட்டியோ தரைத்தளம் பார்த்தால், எதிர்வீட்டுச் சுவரில் தண்ணீர் நின்ற கறை எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். உள்வீட்டுச் சுவரில் தெரியாது, பெயின்ட் அடித்திருப்பார்கள்.

மூன்றாவதைப் பற்றிப் பலர் யோசிப்பதில்லை: கழிவுநீர்க் குழாய். 2024 ஜூனில் புதுச்சேரி ரெட்டியார்பாளையம் புதுநகரில் பாதாளச் சாக்கடையில் இருந்து கழிப்பறை வழியாக வீட்டுக்குள் வந்த நச்சு வாயுவால் மூன்று பேர் இறந்துபோனார்கள், அதில் ஒருத்தி பள்ளி மாணவி. முறையாகப் போட்ட கழிப்பறையில் கோப்பைக்கு அடியிலும் தரைத் துவாரத்திலும் தண்ணீர் தேங்கி நிற்கிற வளைவு இருக்கும், அந்தத் தண்ணீர்தான் வாயுவை மறிக்கிறது. வாயு போகிற குழாய் ஒன்று வெளியே ஏறி மாடிக்கு மேலே திறந்திருக்கும். அவசரத்தில் ஒரு அறையை வீடாக்குகிறவர்கள் இந்த இரண்டையும்தான் முதலில் விட்டுவிடுகிறார்கள். பாத்ரூமில் நின்று மூச்சை இழுத்துப் பாருங்கள். வாடை வந்தால், ‘ஆசிட் ஊத்திக் கழுவினா சரியாயிடும்’ என்ற பேச்சை நம்பாதீர்கள்.

புதுச்சேரியில் வீடு கிடைத்தால் அங்கேயிருந்து வேலைக்கு வந்து போகலாமா என்று யோசிப்பீர்கள், நிறையப் பேர் அப்படித்தான் இருக்கிறார்கள். எல்லையில் இருக்கிற முள்ளோடையைத் தாண்டினால் சரக்கு விலை மட்டும் மாறுவதில்லை, மேலே சொன்ன சட்டம் பாதியும் மாறிவிடும். அங்கே 1969ஆம் வருட நகர ஊரமைப்புச் சட்டம், 2012ஆம் வருடக் கட்டட விதிகள். அனுமதி கொடுப்பது அங்கேயுள்ள திட்டக் குழுமம். வரி புதுச்சேரி, உழவர்கரை நகராட்சிகளிலோ பாகூர், அரியாங்குப்பம் மாதிரிக் கொம்யூன் பஞ்சாயத்துகளிலோ. நில ஆவணத்துக்கு ‘நிலமகள்’ இணையதளம், மின்சாரத்துக்கு அரசின் மின்துறை. வாடகைக்கும் தனிச் சட்டம். எண்ணிப் பார்க்கிற முறை மட்டும் அங்கேயும் அதேதான்.

ஒப்பந்தத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் புது வாடகைச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. 11 மாதம் என்றாலும் எழுத்தில் எழுதி, வாடகை அதிகாரியிடம் ஆன்லைனில் பதிவு செய்ய வேண்டும். இருவரும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் ஒழிய, முன்பணத்துக்கு மூன்று மாத வாடகைதான் அளவு. உங்களிடம் கேட்டிருப்பது பத்து மாதம். நம் ஊரில் அது வழக்கம்தான், ஆனால் இந்த வீட்டுக்கு நான் கொடுக்க மாட்டேன். அனுமதியில்லாத தளம் என்று மாநகராட்சி நோட்டீஸ் ஒட்டிச் சீல் வைத்தால் வாடகைதாரர் மேல் வழக்கு வராது. ஆனால் சட்டி பானையோடு வெளியே வர வேண்டும், அந்த நேரத்தில் வீட்டுக்காரர் கையில் உங்கள் 75,000 இருக்காது, கட்டடச் செலவில் போயிருக்கும். அதனால் முன்பணத்தைக் குறைத்துப் பேசுங்கள், ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியாக அனுப்புங்கள். அரசு நடவடிக்கையால் காலி செய்ய நேர்ந்தால் அன்றே முழு முன்பணமும் திருப்பித் தரப்படும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். அந்த வரிக்கு அவர் என்ன சொல்கிறார் என்பதே ஒரு பதில்தான்.

கொடுத்துவிட்ட 5,000க்காக மீதி 70,000ஐயும் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள். டோக்கன் திரும்பக் கிடைத்தால் சரி, கிடைக்காவிட்டாலும் போகட்டும். ஆனால் அதற்கு முன் ஒரு தடவை, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறரை மணிக்கு மேல் அந்தத் தெருவுக்குப் போங்கள். எல்லா வீட்டிலும் விளக்கு எரியும், குக்கர் சத்தம் கேட்கும், எத்தனை குடும்பம் என்று தெருவில் நின்றே எண்ணிவிடலாம். படிக்கட்டுக்கடியில் போய் மீட்டரை எண்ணுங்கள், வெள்ளை அட்டையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரர் பிளானைக் காட்டினால் அதையும் நாலு பக்கமும் தெரிகிற மாதிரி படம் எடுங்கள். அதில் எத்தனை கிச்சன், மேல்தளம் இருக்கிறதா என்பதை எந்த இன்ஜினியரும் டீ ஆறுவதற்குள் பார்த்துச் சொல்லிவிடுவார்.